ஓடினவன் வீட்டு வழி

மத்தியச் சிறை, மூன்றாம் பிளாக்
14-7-2024

மகள் முத்தழகுக்கு, உன் அய்யா வீரபத்திரன் என் சொந்தக் கையால் எழுதுவது.

இந்த ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. யாரும் என் விரலைப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டுத் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அறுபத்தொன்பது வயதில் என் பெயரை நானே பார்த்தேன். சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது.

கற்றுக்கொடுத்தது சுஐபு. தேவிபட்டினத்துக்காரன், முப்பத்தைந்து வயது. மச்சினனை மீன் கத்தியால் வயிற்றில் குத்திவிட்டு வந்திருக்கிறான். தங்கமான மனிதன். பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறான். போன வாரம் குளிக்கிற தொட்டியில் முறை தவறி இருவர் சண்டை. ஒருவன் சாப்பாட்டுத் தட்டை மடக்கி மற்றவன் காதில் இறக்கினான். பாதிக் காது தொங்கியது. மறுநாள் பலகையில் அதைப் பற்றி அறிவிப்பு ஒட்டினார்கள். பிளாக்கில் முதலில் படித்தது நான்தான்.

உன் தம்பி தனுஷ்கோடி போன மாதம் மனு போட்டு வந்து பார்த்தான். எழுதப் படிக்கிறேன் என்றேன். "சும்மா இருங்கய்யா" என்று சிரித்தான். போகும்போது, "அக்கா கிறுக்குப் பிடிச்சு ரோட்டுல ஓடுது, அவமானமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். உனக்கு நாற்பத்தைந்து வயது. எதற்கம்மா ஓடுகிறாய்? எழுது. மெதுவாகப் படிப்பேன், ஆனால் முழுக்கப் படிப்பேன்.

இந்தக் கடிதத்தை ஜெயிலர் ஐயா முதலில் படிப்பார். அவருக்கும் என் வணக்கம்.

வீரபத்திரன்
(இனிமேல் கைநாட்டு கிடையாது)


28-7-2024

அய்யாவுக்கு முத்தழகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தனுஷ்கோடியிடம் காட்டினேன். அந்த சுஐபு எழுதிக் கொடுத்திருப்பான் என்கிறான். நான் நம்புகிறேன். இவ்வளவு பெரிய எழுத்தை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

ஆமாம், ஓடுகிறேன். போன வருடம் ஒரு நாள் கடலாடி பஸ்ஸைத் தவறவிட்டேன். சத்துணவுக்கூடத்துச் சாவி என் இடுப்பில் இருந்தது. நூற்றிருபது முட்டை வேக வேண்டும். ஏழு கிலோமீட்டர் ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் எனக்கு எதுவும் வலிக்கவில்லை என்பது தெரிந்தது. விளையாட்டு டீச்சர் கோகிலா என்னைப் பார்த்துவிட்டு, "அக்கா, திரும்ப ஓடுங்க, நான் நேரம் பாக்குறேன்" என்றார். அப்படித் தொடங்கியது.

வருகிற பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஓர் ஓட்டம் நடக்கிறது. ராமநாதபுரத்தில் தொடங்கி, மண்டபம், பாம்பன் பாலம், ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனை வரை. எழுபத்தைந்து கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பெயர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். நான் கேட்டு எதையும் ஆரம்பித்ததில்லை, கல்யாணம் உட்பட. இதை நானாகக் கேட்டிருக்கிறேன்.

ஒரு சங்கடம். கடலாடிக்குத் தார்ரோடு செம்மறியேந்தல் ஊருக்குள்தான் போகிறது. நீங்கள் வெட்டிய பூவலிங்கத்தின் வீடு ரோட்டின் மேலேயே இருக்கிறது. நான் நடந்தோ பஸ்ஸிலோ போனால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஓடினால் கல் வருகிறது. போன வாரம் அவர் மூத்த மகன் காளீஸ்வரன் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்தான். "யாருக்குடி நக்கல் காட்டுற? தினமும் எங்க வாசல்ல வந்து ஓடிக் காமிக்கிற?" என்றான். எனக்குப் புரியவில்லை. அந்தச் சம்பவத்தின்போது நான் அபிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். இங்கே திரும்பி வந்த பிறகும் என் காதுபட யாரும் அதைப் பேசியதில்லை. மடையில் தண்ணீர்த் தகராறு, நேருக்கு நேர் நின்று வெட்டிக்கொண்டீர்கள், அவரிடமும் அருவாள் இருந்தது என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். இதில் ஓடுவது எங்கே வந்தது?

பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் மூச்சு முட்டுகிறது. அதுதான் இப்போதைய கவலை.

முத்தழகு


சிறை
25-8-2024

மகள் முத்தழகுக்கு.

நீ மூச்சைப் பற்றி எழுதினாய். என் வாழ்நாளில் என்னிடம் ஒருவர் தெரியாததைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. எனக்கு ஓட்டம் தெரியும் அம்மா. சொல்கிறேன்.

கோர்ட்டில் வக்கீல் எழுதியதற்குக் கைநாட்டு வைத்தேன். அதில் நேருக்கு நேர் என்றுதான் இருந்தது. இப்போது எனக்கு எழுத வருகிறது, உள்ளதை எழுதுகிறேன். தண்டனையில் பதினோரு வருடம் போய்விட்டது, இனி மறைத்து என்ன.

பூவலிங்கத்தின் கையில் ஒன்றும் இல்லை. மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தான். என்னையும் அருவாளையும் பார்த்ததும் ஓடினான். ஊறணிக் குளம் வரை காற்றாகப் போனான். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு, அவனுக்கு நாற்பது. பிடிக்க முடியாதென்று தெரிந்துவிட்டது. அதனால் நான் வேகம் கூட்டவில்லை. என் நடை எதுவோ அதிலேயே ஓடினேன். வாயைத் திறக்கவில்லை, மூக்கால்தான் மூச்சு. அருவாளை ஒரே கையில் வைத்து ஓடினால் இடுப்பில் பிடித்துக்கொள்ளும். அதனால் வலது கைக்கும் இடது கைக்கும் மாற்றிக்கொண்டே போனேன். ஊறணி தாண்டியதும் அவன் வாயைத் திறந்துவிட்டான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வாயைத் திறந்தவன் முடிந்தான். கருவேலங்காட்டு ஓரத்தில் முழங்காலில் விழுந்தான். முதல் வெட்டு தோளில், அடுத்தது பிடரியில். எனக்குப் பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

இத்தனைக்கும் அவன் வீடு மடையிலிருந்து நூறு காலடி தூரம்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முட்டாள், வீட்டை விட்டுவிட்டுப் பொட்டலைப் பார்த்து ஓடினான்.

ஆகவே முதலில் வேகம் வேண்டாம். வாயைத் திறக்காதே. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் கை மாற்றிக்கொண்டே ஓடு. நீ முடித்துவிடுவாய், என் ரத்தம்.

இதை எழுத ஒன்பது நாள் ஆனது. சுஐபு படித்துப் பார்த்தான். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எழுத்தில் பிழை எதுவும் இல்லை போலிருக்கிறது.

வீரபத்திரன்


8-9-2024

அய்யா,

இடது கையில் இரண்டு விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. தலையில் பன்னிரண்டு தையல். தாளைப் பிடிக்க முடியவில்லை, கோணலாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு செம்மறியேந்தல் ஊறணிப் பக்கம் காளீஸ்வரனும் அவன் தம்பியும் கம்போடு நின்றார்கள். முதல் அடி முழங்காலுக்குக் கீழே. விழுந்தேன். தலையைக் கையால் மூடினேன், அதில்தான் விரல் போனது. காளீஸ்வரன் அடிக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்: "ஓடினவன் வீடு, ஓடினவன் வீடுன்னு ஒங்க ஊரே சிரிச்சது போதாதா? நீயும் வந்து ஓடிக் காட்டுவியா? எங்கய்யா ஓடின வழியிலேயே ஓடிக் காட்டுவியா?"

அடித்து முடித்துவிட்டு அவன் அழுதான் அய்யா. என் ரத்தம் அவன் சட்டையில் இருந்தது. வாயைத் திறந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உங்கள் கடிதம் வீட்டில் கிடந்தது. அதைப் படித்த பிறகுதான் அவன் எதற்கு அடித்தான் என்பது எனக்கு விளங்கியது. பதினோரு வருடம் என்னிடம் பொய் சொன்னீர்கள். இப்போது உண்மையைச் சொன்னீர்கள், அதுவும் எப்படி ஓடுவது என்று கற்றுக்கொடுக்க. உங்களுக்கு நான் என்ன எழுதுவது?

போலீசில் பள்ளத்தில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லாவிட்டாலும் தனுஷ்கோடிக்குத் தெரிந்துவிட்டது. அருவாளைக் கொல்லனிடம் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்திருக்கிறான். நான் கெஞ்சினேன். "அய்யா வேண்டாம்னு சொன்னா விட்டுருறேன். வேற யாரு பேச்சும் எனக்கு வேண்டாம்" என்கிறான். அவனுக்குச் சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். என் காலுக்காக ஒருவன் செத்தால் அந்தக் காலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவேன்?

முத்தழகு


சிறை
22-9-2024

முத்தழகு,

பெண்பிள்ளையைத் தொட்டிருக்கிறான். எங்கள் தலைமுறையில் எத்தனை பகை இருந்தும் ஒருவன் அடுத்த வீட்டுப் பொம்பளை மேல் கை வைத்ததில்லை. போலீசில் பள்ளத்தில் விழுந்தேன் என்று சொன்னாயே, வெட்கமாக இல்லையா? தனுஷ்கோடிக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவன் ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

ஜெயிலர் ஐயா கூப்பிட்டார். மேலே இருந்த நாலு வரியை என் கண் முன்னாலேயே மை பூசி அழித்தார். எட்டு நாள் எழுதிய வரிகள். "பெரியவரே, எழுத்துப் படிச்சதே இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

உன் தலைத் தையல் பிரித்தார்களா? காய்ச்சல் உண்டா? அதை மட்டும் எழுது.

வீரபத்திரன்


5-1-2025

அய்யா,

மூன்று மாதமாக எழுதவில்லை. கோபம்தான்.

தையல் பிரித்தாயிற்று. அக்டோபரில் நடந்தேன், நவம்பரில் ஓடினேன். செம்மறியேந்தல் வழியாக இல்லை, கண்மாய்க்கரையைச் சுற்றிச் சுற்றி. கோகிலா டீச்சர் கரையில் உட்கார்ந்து எண்ணுவார். போன ஞாயிறு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினேன். கால் பெருவிரல் நகம் இரண்டும் கழன்றுவிட்டன. அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தனுஷ்கோடி இதுவரை கை வைக்கவில்லை. நீங்கள் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறான். உங்களிடம் போன் வரவில்லை, மனுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பொங்கலுக்குப் பிறகு காத்திருக்க மாட்டேன் என்கிறான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காளீஸ்வரன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பூமயில் விளக்குமாற்றை எடுத்தார். ஒரு அடி வாங்கிக்கொண்டேன். பிறகு வாசலில் நின்றே கடிதத்தைப் படித்தேன். கையில் ஒன்றும் இல்லை என்பதை, ஊறணியை, பிடரியை, எதையும் விடவில்லை. "வீட்டை விட்டுவிட்டுப் பொட்டலைப் பார்த்து ஓடினான்" என்ற இடம் வந்ததும் காளீஸ்வரன் "நிப்பாட்டு" என்றான். "திரும்பப் படி" என்றான். படித்தேன்.

அய்யா, அன்றைக்கு அந்த வீட்டுக்குள் யார் இருந்தார்கள் தெரியுமா? பதினாறு வயதில் இவன், பதினொரு வயதில் இவன் தம்பி. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தட்டிதான். அவர் முட்டாள் இல்லை. உங்களையும் உங்கள் அருவாளையும் அந்த வீட்டிலிருந்து தூரமாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இவன் பதினோரு வருடமாக அப்பன் பயந்து ஓடினான் என்றே நினைத்துக் கூனிக் கிடந்தான்.

காளீஸ்வரன் சுவரில் கையால் குத்தினான். தோல் கிழியும்வரை குத்தினான். மன்னிப்பு எதுவும் யாரும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது சொன்னான்: "இனிமே எங்க ஊருக்குள்ள நடந்து போகாத. ஓடியே போ. எவன் கல்ல எடுக்கிறான்னு பாக்குறேன்."

இனியும் உங்களுக்கு என்ன வேண்டும்? தனுஷ்கோடிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

முத்தழகு


சிறை
26-1-2025

மகளுக்கு.

இன்றைக்குக் கொடியேற்றி இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கு இல்லை. செப்டம்பர் கடைசியில் ஒருவன், "உன் மகளைக் கம்பால அடிச்சாங்களாமே, இன்னும் ஓடுதா, நொண்டுதா?" என்று கேட்டான். பித்தளைச் செம்பால் அவன் தாடையில் போட்டேன். மூன்று பல். அதற்காக பிப்ரவரி முடியும்வரை போன் இல்லை, மனு இல்லை. கடிதத்தை மட்டும் விட்டுவைத்தார் ஜெயிலர் ஐயா. அவருக்கு என் எழுத்தைப் பார்க்கப் பிடிக்கும்.

உன் கடிதத்தைப் பத்து நாள் படித்தேன். தட்டிக் கதவு என்று நீ எழுதியதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தட்டிதான். பச்சை ஓலைத் தட்டி. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் இத்தனை வருடம் அதை நினைக்கவில்லை. நான் அவனைத் துரத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன்தான் என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். முழங்காலில் விழுந்தபோது அவன் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்திருக்கிறான்.

தனுஷ்கோடிக்குத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: "தனுஷ்கோடி, காளீஸ்வரன் மேல் கை வைக்காதே. இது உன் அய்யா வீரபத்திரன் சொல்வது." அவ்வளவுதான். எழுத நாலு நாள் ஆனது. நல்ல எழுத்தாக இருக்கட்டும் என்று மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

நீ வாயைத் திறக்காமல் ஓடு.

வீரபத்திரன்


12-2-2025

அய்யா,

உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருக்கிறது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது, ஓட்டத்துக்கு முதல் நாள். ஓடிப்போய் தனுஷ்கோடியிடம் கொடுத்தேன். படித்தான். திருப்பிப் பார்த்தான். "கைநாட்டு ரேகை எங்க?" என்றான். "அய்யாவுக்கு எழுத்து ஏதுக்கா? சுஐபு எழுதுறான்னு நெனச்சேன். இது நீயும் அந்த டீச்சரும் சேந்து எழுதுனது. ஓட்டம் கெட்டுப்போகும்னு எழுதியிருக்க." நான் சத்தியம் செய்தேன். தாளைக் கிழித்துவிட்டான். அதற்குப் பிறகு நல்லவன் மாதிரி, "சரி சரி, நீ போயிட்டு வா" என்றான். நான் நம்பிவிட்டேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

ஞாயிறு காலை நாலு மணிக்கு ராமநாதபுரத்தில் கிளம்பினோம். நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. பாட்டிலைக் கை மாற்றிக்கொண்டே ஓடினேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே ஓடினேன், வேறு வழி இல்லை. உச்சிப்புளியில் என்னைத் தாண்டிப் போனவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாம்பன் பாலத்தில் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளியது.

ராமேஸ்வரம் தாண்டி ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டர். ஸ்கூட்டரில் கூடவே வந்த கோகிலா டீச்சருக்குப் போன் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு கடலாடி பஸ் நிலையத்தில் தனுஷ்கோடி காளீஸ்வரனை வெட்டிவிட்டான். கழுத்துக்கு வந்ததைக் கையால் தடுத்ததில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உயிர் இருக்கிறது. தனுஷ்கோடியே ஸ்டேஷனுக்கு நடந்து போய்விட்டான்.

"வண்டியில ஏறுங்கக்கா" என்றார் டீச்சர். நான் ஏறவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் ஒருத்தர் ஓடி முடிக்க முடியாமல் விழுந்தார். அது மட்டும்தான் என் தலையில் இருந்தது. மிச்சம் பதினேழு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், அழுதுகொண்டே வந்தேன். அழும்போது வாயை மூட முடியவில்லை. திறந்த வாயோடுதான் அரிச்சல்முனையில் போய் நின்றேன். பதினொன்றே முக்கால் மணி நேரம்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. பூமயில் செருப்பைக் கழற்றி அடித்தார். "எம் புருசன ஒங்கப்பன் முடிச்சான், எம் மகன் கைய ஒந்தம்பி எடுத்துட்டான். நீ எதுக்குடி வந்த?" காளீஸ்வரன் கட்டிலில் இருந்தபடி கண்ணைத் திறந்தான்.

"முடிச்சியா?" என்றான்.

"முடிச்சேன்."

"எம்புட்டு நேரம்?"

சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பதக்கம் கொடுத்தார்கள். அவன் கட்டிலில் மாட்டலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முத்தழகு


சிறை
2-3-2025

மகள் முத்தழகுக்கு.

தனுஷ்கோடியை இந்தச் சிறைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். விசாரணைக் கைதி, அதனால் வேறு பிளாக். ஜெயிலர் ஐயாவிடம் எழுதிக் கேட்டேன். நேற்று நடுக்கதவுக் கம்பியில் ஐந்து நிமிடம் கொடுத்தார்.

இளைத்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றான். முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அந்த முகம் தெரியும், பதினோரு வருடம் நான் வைத்திருந்த முகம்.

"அய்யா, நீங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீகளோ அதத்தான் செஞ்சேன்" என்றான்.

வார்டர், "பெரியவரே, ரெண்டு நிமிசம் போச்சு" என்றார். அங்கே ஒரு செங்கல் துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தேன். அவன் கிழித்துப் போட்ட தாளில் என்ன இருந்ததோ அதையே எழுத ஆரம்பித்தேன்.

முதல் எழுத்தை எழுதும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் முடிந்தபோது சிரிப்பு இல்லை. அடுத்தது காளீஸ்வரன் பெயர், அது நீளம். அதை எழுதும்போது அவனும் தரையில் உட்கார்ந்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் வர வர, உதட்டை அசைத்துப் படித்தான். செங்கல் கரைந்துகொண்டே வந்தது.

"நீங்கதானா அய்யா?" என்றான். "அது நீங்கதானா?"

'கை வைக்காதே' என்பதில் பாதிதான் ஆகியிருந்தது. வார்டர் வந்து அவன் தோளைத் தொட்டு, "நேரம் முடிஞ்சது, எந்திரி" என்றார்.

தனுஷ்கோடி எழுந்திருக்கவில்லை. கம்பியை விடவுமில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, "சார், எங்கய்யா எழுதி முடிக்கட்டும்" என்றான்.

வீரபத்திரன்